கழுத்தில் ஒன்றும் கட்டாதவருக்கு

இன்றைக்குக் கடையில் ஒரு மாப்பிள்ளைப் பையனுக்குக் கோட்டு போட்டுப் பார்த்தார்கள். பெட்டியைத் திறந்ததும் புதுக் கோட்டுத் துணிக்கென்று ஒரு வாசனை வருமே, கஞ்சியும் பூச்சி உருண்டையும் சேர்ந்த மாதிரி, அது மூக்கில் ஏறியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் போன பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆண்கள் பிரிவு, அதிலும் கல்யாணக் கோட்டு விற்கிற இடம். பட்டுப்புடவைப் பக்கம் போடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். பேச்சு சாமர்த்தியம் உள்ளவள் இங்கேதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்குச் சிரிப்பு வரும், தெரியும்.

பையன் டை வேண்டாம் என்றான், காலரைத் திறந்து விட்டுக்கொண்டு நிற்கிறேன் என்றான். பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. கோட்டு எடுத்துக் கொடுப்பது பெண் வீடு. டை இல்லாமல் மாப்பிள்ளை மேடையில் நின்றால் எடுத்துக் கொடுக்க வக்கில்லை என்று நாலு பேர் பேசுவார்கள் என்பது அவர் கவலை. நான்தான் சமாதானம் சொன்னேன். இப்போதெல்லாம் பெரிய பெரிய கம்பெனி முதலாளிகளே கோட்டு போட்டு டை கட்டாமல்தான் வருகிறார்கள் என்றேன். நீ எங்கேம்மா முதலாளிகளைப் பார்த்தாய் என்று கேட்டார். பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, மடித்து வைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அந்த நாளை ஒரு துணிக்கடையில் நின்று சொல்ல முடியுமா? உங்களுக்குத்தான் எழுத வேண்டும்.

உங்கள் விதைக் கம்பெனியை பம்பாய்க்காரர்கள் வாங்கிவிட்டார்கள் என்று சேதி வந்ததிலிருந்து நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு அந்தச் சேதிதான் காரணம் என்று நினைத்தேன். புதுசாக வந்தவர்கள் கள்ளக்குறிச்சிக்கே வந்து ஒவ்வொருத்தரையும் பார்ப்பார்கள், பாதிப் பேரை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. வருகிறவர்கள் எல்லாம் பெரிய இடம், எல்லோரும் கோட்டு சூட்டில்தான் வர வேண்டும் என்று உங்கள் மேனேஜர் போன் போட்டுச் சொன்னார். அந்த மனிதருக்கு இரண்டே பயம். மேலே இருக்கிற சாமி ஒன்று, மேலே இருக்கிற ஆபீசர் இன்னொன்று. நெற்றி நிறைய விபூதியும் தேய்த்த ஷூவுமாகத்தான் எப்போதும் இருப்பார்.

விதை விற்கிறவனுக்குக் கோட்டுக்கு எங்கே போவது? நம் பக்கத்தில் ஒரு ஆளுக்கு ஆயுசுக்கும் ஒரு கோட்டுதான், கல்யாண ரிசப்ஷனுக்குப் பெண் வீட்டில் எடுத்துக் கொடுத்தது. என் அப்பா களமருதூரிலிருந்து பஸ் ஏறி வந்து எடுத்துக் கொடுத்த அந்த நீலக் கோட்டு பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. அதோடு அந்த மெரூன் டை. அதை அன்றைக்குக் கட்டிவிட்டவர் போட்டோ ஸ்டுடியோக்காரர். முடிச்சை அவிழ்த்தால் திரும்பக் கட்ட இந்த ஊரில் யாருக்கும் தெரியாது என்று, கட்டிய முடிச்சு கட்டியபடியே தலை வழியாகக் கழற்றி ஆணியில் மாட்டி வைத்தோம். எல்லார் வீட்டிலும் அப்படித்தான். உங்கள் கூட்டாளிகள் ஒருத்தர் விடாமல் அந்த வாரம் பீரோவைத் திறந்து, தலை வழியாக மாட்டிப் பார்த்து, வயிறு அடங்காமல் தையல்காரரிடம் ஓடினார்கள். நீங்கள் மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. அன்று காலையில் பார்த்துக்கலாம் என்றீர்கள்.

அன்று காலை நீங்கள் கண்ணாடி முன்னால் நின்றீர்கள். கோட்டு தொளதொளவென்று இருந்தது. தோள் இறங்கி, கை விரல் வரைக்கும் வந்து, யாரிடமோ இரவல் வாங்கியது போல. நான் சிரித்தேன். ஊரில் எல்லோரும் கல்யாணக் கோட்டுக்குள் நுழைய முடியாமல் திணறுகிறார்கள், நீங்கள் மட்டும் எப்படி இளைத்தீர்கள் என்று கேலி பண்ணினேன். பெல்ட்டுக்குப் புதுசாக ஒரு ஓட்டை போட்டிருந்தீர்கள். அதையும் பார்த்தேன்.

அப்புறம் காலர் பித்தானைப் போட வந்தேன். அது எட்டவில்லை.

உடம்பு முழுக்க இளைத்தவருக்குக் கழுத்து மட்டும் எப்படிப் பெருக்கும்? இழுத்துப் பார்த்தேன், நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள். காலருக்குள் விரலை விட்டேன். இடது பக்கம், கழுத்தும் தோளும் சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கெட்டியாக ஒன்று இருந்தது. அமுக்கினால் நகரவில்லை. பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று.

நீங்கள் என் கையைப் பிடித்து இறக்கினீர்கள். அந்தப் பிடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது உங்களுக்குப் புதுசு இல்லை. விதை விற்கப் போகிற வெள்ளிமலையில் பனி ஜாஸ்தி என்று சொல்லி ஊருக்குள் வந்தும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தீர்களே, அதெல்லாம் எனக்கு மறைக்கத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்களை அடித்திருப்பேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன். ரொம்ப நாள் இல்லை என்றீர்கள். வலிக்கிறதா என்றேன். வலித்தால் அப்போதே போயிருக்க மாட்டேனா என்றீர்கள்.

இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று கத்தினேன். மகள் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழக்கூடாது என்று நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். அப்புறம் மெதுவாகச் சொன்னீர்கள்.

"இன்னிக்கி போவலைன்னா என் பேரை மொதல்ல அடிச்சிடுவாங்க. கம்பெனி கார்டு இருந்தாத்தான் வைத்தியம் பார்க்க முடியும். இது இன்னான்னு தெரிஞ்சப்புறம் எவன்டி எனக்கு வேலை குடுப்பான்?"

நீங்கள் சொன்னது நியாயம் என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. வேலை போய்விட்டால் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒண்ட வேண்டும். மகள் படிப்பு நின்றுவிடும். ஆனால் பித்தான் போடாத காலர் மேல் டையை இழுத்து மாட்டினால் குடித்துவிட்டு வந்தவர் போல இருந்தது. இழுத்து இறுக்கினாலோ அந்தக் கட்டி காலருக்கு மேலே பிதுங்கிக்கொண்டு நின்றது. டையைக் கழற்றி, மேல் பித்தானை விட்டு, காலரைத் தளர்த்தினால் மட்டும் அது துணிக்குள் மறைந்துகொண்டது. கட்டினால் தெரிகிறது, கட்டாவிட்டால் மேனேஜர் கத்துவார். கட்டாமலே போகலாம் என்று முடிவு செய்தோம். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நானும் வருவேன், கூட்டம் முடிந்த உடனே வண்டி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சரி என்றீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்த லாட்ஜின் ஏசி ஹாலில்தான் கூட்டம். வாசலில் உங்கள் ஆட்கள் எல்லோரும் கல்யாணக் கோட்டில் வேர்த்து நின்றார்கள். இருபது முப்பது மாப்பிள்ளைகள் பெண் கிடைக்காமல் நிற்பது போல இருந்தது. இருந்த பயத்திலும் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு எப்போதும் வேண்டாத நேரத்தில்தான் சிரிப்பு வரும் என்று சொல்வீர்களே.

மேனேஜர் உங்களைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார். டை எங்கே, என் மானத்தை வாங்கவென்றே வந்தாயா, எத்தனை தடவை சொன்னேன் என்று எல்லோர் எதிரிலும் பொரிந்து தள்ளினார். நீங்கள் ஏதோ மழுப்பினீர்கள். அவர் கேட்கிற ஆளா? பையிலிருந்து தன்னுடைய இன்னொரு டையை எடுத்தார், அதுவும் முடிச்சு போட்டது. நீ நில்லு, நானே மாட்டிவிடுகிறேன், பித்தானைப் போடு என்று உங்கள் காலரைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

நீங்கள் பின்னால் நகரவில்லை. நகர்ந்தால் சந்தேகம் வரும் என்று நின்றீர்கள். உங்கள் கண் என்னைப் பார்த்தது. அவர் விரல் உங்கள் கழுத்தில் பட இன்னும் ஒரு சாண்கூட இல்லை. பட்டால் எல்லாம் போச்சு. நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். வாய் தானாகத் திறந்தது.

"சார், அவரு கழுத்துல கை வைக்காதீங்க. மலைச் சாமிக்கு வேண்டிக்கினு இருக்காரு. வேண்டுதல் நிறைவேறுற வரைக்கும் கழுத்துல எதுவும் கட்டக்கூடாது."

அடுப்பில் கை வைத்தவர் போல அவர் கையை இழுத்துக்கொண்டார். அந்த டையைக்கூட முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இதை முன்னாடியே சொல்லக்கூடாதா ஐயா, நான் பாட்டுக்குத் தொட்டிருப்பேனே என்று உங்களிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நான் வரவேற்பில் இருந்த சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கார் வந்தது. பம்பாய்க்காரர்கள் இறங்கினார்கள். நல்ல கோட்டு, வெள்ளைச் சட்டை, ஒருத்தர் கழுத்திலும் டை இல்லை! எல்லோருக்கும் காலர் திறந்து கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர்களும் மலைச் சாமிக்கு வேண்டிக்கொண்டார்களா என்றுதான் முதலில் தோன்றியது. ஹாலின் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரிந்தது. முதலில் உங்கள் மேனேஜர்தான் திரும்பி நின்று டையை உருவினார். அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர். முடிச்சை அவிழ்க்கத் தெரியாததால் எல்லோரும் தலை வழியாக இழுத்தார்கள். ஒருத்தருக்குக் காதில் மாட்டிக்கொண்டது. நீங்கள் மட்டும் வந்தது வந்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். ஆனால் உங்கள் கை மட்டும் அடிக்கடி காலரைச் சரி பண்ணப் போய், பாதியில் நின்று, மடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது.

உள்ளே நடந்ததை அப்புறம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவர்களில் மூத்தவர், எல்லோரும் அவசர அவசரமாகக் கழற்றினார்கள், நீங்கள் மட்டும் ஏன் கட்டியே வரவில்லை என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். மேனேஜர் வேண்டுதல் கதையைச் சொல்ல வாயெடுத்தாராம். நீங்கள் முந்திக்கொண்டு, நான் விதை விற்கிறது கல்வராயன் மலையில், டை கட்டிக்கொண்டு போனால் நிலத்தை அளக்க வந்த ஆபீசர் என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள், விதை யார் வாங்குவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னீர்களாம். அவர் சிரித்துவிட்டு, அந்த மலையை இப்போதே பார்க்க வேண்டும், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்றாராம்.

சொல்லுங்கள், நான் அதைக் கேட்டு சந்தோஷப்பட்டிருக்க வேண்டுமா? வெளியே வந்து என் பக்கத்தில் குனிந்து, வேலை தப்பித்தது, மலைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று காதோரம் சொன்னீர்கள். கூட்டம் முடிந்த உடனே ஆஸ்பத்திரி என்று வாக்கு வாங்கியிருந்தேனே! எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஜீப்பில் முன் சீட்டில் ஏறும்போது கையை ஆட்டினீர்கள். நான் ஆட்டவில்லை. அந்த மலை வளைவுகளில் உங்களுக்கு மூச்சு வாங்கினால் என்ன செய்வது, அவர்கள் யாராவது பாசமாகத் தோளில் கை போட்டால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்து, டாக்டர் கிளினிக்கில் போய்ப் பழியாய்க் கிடந்தேன். நோயாளி எங்கே என்று நர்ஸ் கேட்டதற்கு மலைமேல் இருக்கிறார் என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

எல்லாவற்றையும்விட இன்னொரு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. சாமி பேரில் பொய் சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யின் பலன் உங்கள் தலையில் விடிந்துவிட்டால்? கழுத்து என்று ஏன் சொன்னேன், வேறு எதையாவது சொல்லியிருக்கக்கூடாதா என்று வாயில் அடித்துக்கொண்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் வந்தீர்கள். கோட்டு கையில் தொங்கியது. சட்டையில் செம்மண். நெற்றியில் குங்குமம். திட்டுவதற்கு என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் அந்தக் குங்குமத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. இது ஏது என்று கேட்டேன்.

"ஜீப்பை நிறுத்தச் சொல்லி சாமியைப் பார்த்துட்டு வந்தேன். நீ சொன்னது பொய்யா நிக்கக்கூடாதில்ல. நெஜமாவே வேண்டிக்கினு வந்துட்டேன். இனிமே அந்தப் பாவம் உனுக்கு இல்ல."

அவ்வளவு பேர் நடுவில், அந்த வேலையின் நடுவில், அந்தக் கட்டியோடு, என் பொய்யைச் சரி பண்ண உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். சொன்னால் பலிக்காது என்றீர்கள். டாக்டர் கூப்பிட்டார். உள்ளே போனோம். உங்கள் கழுத்தில் கை வைத்துப் பார்த்ததுமே அவர் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

அதற்குப் பிறகு புதுச்சேரிக்கு எத்தனை தரம் போனோம், எத்தனை ஊசி, தலைமுடி எப்படிக் கொட்டியது, அதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பட்டது நீங்கள். கம்பெனி கார்டு கை கொடுத்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கையை விரித்திருப்போம் என்று அங்கே ஒரு டாக்டரம்மா சொன்னார். கட்டி கரைந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலிலேயே கேட்டேன், வேண்டுதல் முடிந்ததா, இனிமேல் கழுத்தில் ஏதாவது கட்டலாமா என்று. இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு, இளநீர்க்காரரிடம் விலை பேசப் போய்விட்டீர்கள்.

சரி, மகள் கல்யாணத்துக்காக வேண்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். அந்தக் கல்யாணத்தில் என்ன பண்ணினீர்கள்? சம்பந்தி மாலையோடு எதிரே நிற்கிறார், நீங்கள் அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேளக்காரர் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். அவர்கள் பக்கம் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது, எங்கள் மாலையைக் கழுத்தில் வாங்க மாட்டாரா, அவ்வளவு பெரிய ஆளா என்று. கல்யாணம் நின்றுவிடுமோ என்று ஒவ்வொருத்தரிடமும் ஓடி ஓடி வேண்டுதல் வேண்டுதல் என்று சொன்னேன். ரிசப்ஷனில் அதே நீலக் கோட்டை உடம்புக்கு அளவாகப் பிடித்துத் தைத்துப் போட்டு, காலரைத் திறந்துவிட்டுக்கொண்டு, ஏதோ நீங்கள்தான் மாப்பிள்ளை மாதிரி நின்றீர்கள். கழுத்தில் கட்டியைக் கீறிச் சோதித்த தழும்பு மட்டும் தெரிந்தது. அன்றைக்கு நீங்கள் அழகாக இருந்தீர்கள். சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

அந்தக் கட்டி திரும்பி வந்தது. இந்த முறை கரையவில்லை.

உங்களை வாசலில் கிடத்தியிருந்தபோது உங்கள் ரிட்டையரான மேனேஜர் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். நடக்க முடியாமல் யாரையோ பிடித்துக்கொண்டு வந்தார். ஏற்கெனவே உங்கள் அண்ணன் ஒரு மாலையைத் தூக்கிக் கழுத்துப் பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். மேனேஜர் அங்கிருந்தே தடுத்தார்.

"கழுத்துல போடாதீங்க. அவருக்கு வேண்டுதல் இருக்கு. முடிஞ்சிச்சான்னு நமக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு, தான் கொண்டுவந்ததை உங்கள் காலில் வைத்தார். அதைப் பார்த்து வந்தவர்கள் எல்லோரும் காலிலேயே வைத்தார்கள். அதுவரைக்கும் கல் மாதிரி உட்கார்ந்திருந்த நான் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். அவருக்கு உண்மை தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் பொய் என்று எதுவும் மிச்சம் இல்லையே, நீங்கள்தான் நேர் பண்ணிவிட்டீர்களே.

ஆனால் யோசித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வேலைக்காக வேண்டியிருந்தால் அது அன்றைக்கே கிடைத்துவிட்டது. உடம்புக்காக என்றால் ஸ்கேன் சுத்தமாக வந்த அன்றே ஒரு மாலை போட்டிருக்கலாம். மகளுக்காக என்றால் சம்பந்தி மாலையை வாங்கியிருப்பீர்கள். இவை எதுவும் இல்லை. நீங்கள் இருக்கிற வரைக்கும் முடியாத ஒன்றைத்தான் கேட்டிருக்கிறீர்கள். மிச்சம் இருக்கிறவள் நான் ஒருத்திதான்.

எனக்கு என்ன கேட்டீர்கள் என்று தெரியவில்லை. நல்லா இருக்கணும் என்று கேட்டீர்களோ, நீங்கள் இல்லாமலும் இருக்கத் தெரியணும் என்று கேட்டீர்களோ. சொன்னால் பலிக்காது என்று வாயை மூடிக்கொண்டீர்கள். அதனால்தான் சாப்பிடப் பிடிக்காத நாளிலும் உட்கார்ந்து இரண்டு இட்லி தின்கிறேன். பிரஷர் மாத்திரை போடுகிறேன். சீவிப் பூ வைக்காமல் போனாலும் சிரித்த முகத்தோடு கடைக்குப் போய் நிற்கிறேன். அவ்வளவு வருஷம் காத்த உங்கள் வேண்டுதல் என்னால் கெட்டுப்போகக் கூடாதுங்க.